இரண்டு நிமிட மௌனம்

இரண்டு நிமிடம் முடிந்துவிட்டது. ஆனாலும் திருநாவுக்கரசு "நன்றி, அமரலாம்" என்று சொல்லவில்லை.

சிதம்பரத்தில் அந்த வாசகர் வட்டம் தொடங்கிய நாளிலிருந்து அவர்தான் செயலாளர். அஞ்சலி என்றால் எல்லோரும் எழுந்து கண்ணை மூடிக்கொள்வார்கள். அவர் மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். யாராவது ஒருவர் நேரம் பார்க்க வேண்டுமே.

இன்றைய அஞ்சலி முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களுக்கு. மே மாதக் கூட்டம் எப்போதும் இப்படித்தான் தொடங்கும்.

சற்று முன்புதான் அவர் பேசி முடித்திருந்தார். பிள்ளைகள் பதுங்கியிருந்த இடத்தில் குண்டு விழுந்தது, உலகம் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தது என்று சொல்லும்போது குரல் உடைந்தது. நடிப்பில்லை. போர் முடிந்த அந்த வருடம் கடலூரில் மூன்று நாள் உண்ணாவிரதப் பந்தலில் பட்டினி கிடந்தவர்.

அப்போது அந்த வழியாக வந்த யாரோ ஒரு ஆள் ஸ்கூட்டரை நிறுத்தி, "ரெண்டு பக்கமும் தப்பு இருக்கு, நமக்கு எதுக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஆளை அவர் இன்றுவரை மன்னிக்கவில்லை. வருடா வருடம் பேச்சில் அவரை இழுத்து வந்து நிறுத்துவார்.

இன்றும் நிறுத்தினார். அப்போதுதான் மூன்றாவது வரிசையில் ருக்கையா தலையைக் குனிந்துகொண்டதைப் பார்த்தார்.

ருக்கையா பரங்கிப்பேட்டையில் பள்ளி ஆசிரியை. மாதம் தவறாமல் பஸ் பிடித்துக் கூட்டத்துக்கு வருபவர். மார்ச் மாதம் கூட்டம் தொடங்கும் முன் திருநாவுக்கரசிடம் வந்து, காஸாவில் குண்டு விழுந்து செத்துப்போன பிள்ளைகளுக்காக ஒரு நிமிடம் எழுந்து நிற்கலாமா என்று கேட்டார். தனியாகத்தான் கேட்டார், அதுவும் தயங்கித் தயங்கி.

"அது வெளிநாட்டு விவகாரம் டீச்சர். ரெண்டு பக்கமும் தப்பு இருக்கு, நமக்கு எதுக்கு" என்று சொல்லிவிட்டு அவர் டீ குடிக்கப் போனார்.

முள்ளிவாய்க்காலும் கடலுக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது. அது அவருக்கு அன்று தோன்றவில்லை.

அந்த ஸ்கூட்டர்காரரின் வாக்கியம். ஒரு எழுத்து மாறவில்லை. இத்தனை வருடம் ஆத்திரத்தோடு பத்திரப்படுத்தி வைத்திருந்ததை, ஒருத்தி வந்து கேட்டவுடன் எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

அவருக்கு வெட்கமாக இருந்தது. மைக் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. மார்ச்சில் தப்பு செய்துவிட்டேன், அந்தப் பிள்ளைகளுக்கும் சேர்த்து நிற்போம் என்று சொன்னால் முடிந்தது. ஆனால் எதிரே முப்பது பேர் இருக்கிறார்கள். நாளைக்கு யார் என்ன பேசுவார்களோ.

அதனால் 'அமரலாம்' என்று சொல்லாமல் நின்றார்.

வினாடி முள் மூன்றாவது சுற்றைச் சுற்றியது. யாரோ செருமினார்கள். முன்வரிசை அந்தோணிசாமி ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டார். நான்காவது சுற்றும் முடிந்தது.

"நன்றி. அமரலாம்."

வாட்ச் நின்றுபோய்விட்டதா என்று அந்தோணிசாமி கேட்டார். ஆமாம், பேட்டரி போய்விட்டது போலிருக்கிறது என்றார் திருநாவுக்கரசு. எல்லோரும் சிரித்தார்கள். ருக்கையா சிரிக்கவில்லை.

கூட்டம் முடிந்து குறிப்பேட்டில் கையெழுத்துப் போட வந்தவர், மற்றவர்கள் நகரும்வரை காத்திருந்தார்.

"நான் கேட்டது ஒரு நிமிஷந்தான் சார். நீங்க கூடுதலா ரெண்டு குடுத்துட்டீங்க. இதுல அத மட்டும் எழுதிடுங்க, போதும்."

பதிலுக்கு நிற்காமல் பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனார்.

திருநாவுக்கரசு பேனாவைத் திறந்தார். நான்கு என்று எழுதினால் ஏன் நான்கு என்று அடுத்த மாதம் கேட்பார்கள். பேனா வெகுநேரம் தாளின் மேலேயே நின்றது.

பிறகு, வழக்கமான தன் அழகான கையெழுத்தில் எழுதினார்: 'முள்ளிவாய்க்காலில் உயிர்நீத்தோர்க்கு இரண்டு நிமிடம் மௌன அஞ்சலி செலுத்தப்பட்டது.'