ஒரு சுற்று பெரிய ஸ்டெப்னி

ஸ்டெப்னி உள்ளே போய்விட்டது.

போகக்கூடாது. ஆறு வருடமாகப் போனதில்லை. இப்போது என் கண் முன்னாலேயே, தன் வீட்டுக்குள் நுழைகிற பூனை மாதிரி அலட்டிக்கொள்ளாமல் போய் உட்கார்ந்துவிட்டது.

காருக்கு அடியிலிருந்து அவன் நெளிந்து வெளியே வந்தான். காது மடலில் கிரீஸ்.

“அவ்வளவுதானா?” என்று கேட்டான்.

நான் குனிந்து இன்னொரு முறை பார்த்தேன்.

இரண்டே பேர் உட்காரக்கூடிய அந்தப் பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார்தான் அப்பாவுக்கு மூத்த பிள்ளை. நான் அதற்கு அடுத்துதான். அதன் அளவுக்கு டயர் எங்கேயும் கிடைக்காமல் போனபோது, நாலு சக்கரத்துக்கும் ஒரு சுற்று பெரிய டயராகப் போட்டார். மாற்றுச் சக்கரமான ஸ்டெப்னிக்கும் அதே அளவு.

கேரியர் மட்டும் பழைய அளவு. டிக்கிக்கு அடியில் இருக்கும் அந்த இரும்புக் கூட்டின் வாயிலேயே பெரிய டயர் முட்டிக்கொண்டு நின்றுவிடும். அன்றிலிருந்து ஸ்டெப்னி ஷெட் சுவரில் சாய்ந்தே கிடந்தது.

என்னைப் பெண் கேட்டு வருகிறவர்களுக்கு அப்பா வைக்கும் பரீட்சை அதுதான். “தம்பி, இதைக் கொஞ்சம் மாட்டிக் குடுங்களேன்” என்பார், ஒன்றும் தெரியாதவர் மாதிரி.

ஒரு பேங்க் மேனேஜர் முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு போனார். ஒரு என்ஜினீயர் டேப் வைத்து அளந்து, முடியாது என்று தாளில் கணக்குப் போட்டே கொடுத்துவிட்டுப் போனார். அவர்கள் தெருமுனை தாண்டியதும் அப்பா சொல்வார்: “ஒரு ஸ்டெப்னியை மாட்டத் தெரியல. இவனை நம்பி...”

அப்போதெல்லாம் நானும் சேர்ந்து சிரித்தேன். எனக்கென்ன போயிற்று?

இப்போது காருக்கு அடியிலிருந்து வந்த இவன் அப்படி இல்லை. இவன் நானாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவன்.

மூன்று வாரத்துக்கு முன்னால் இவனைப் பற்றி அப்பாவிடம் சொன்னேன். என்ன வேலை என்று மட்டும் கேட்டார். பல் டாக்டர் என்றேன். எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். இருட்டுகிற நேரத்துக்குத்தான் திரும்பி வந்தார், பச்சைக் கயிறு கட்டிய ஒரு அட்டைப்பெட்டியோடு. அதை எங்கே கொண்டு வைத்தாரோ தெரியாது. மூன்று நாள் என்னிடம் பேசவில்லை. முடிந்தது கதை என்று நினைத்துக்கொண்டேன்.

அதனால்தான் இன்று காலை, அப்பாவைப் பார்க்க வருமுன், இவனிடம் படித்துப் படித்துச் சொன்னேன். அது நடக்காத காரியம், ஷெட் பக்கம் கூப்பிட்டால் பேச்சை மாற்று என்று.

எங்கே மாற்றினான்? அப்பா ஸ்டெப்னியைக் காட்டி, “பல்லைப் பிடுங்கிடுவீங்க டாக்டர், இதை உள்ள வெக்க முடியுமா பாருங்க” என்றதும், சட்டைக் கையை மடித்துக்கொண்டு போய்ப் படுத்துவிட்டான்.

இரண்டு நிமிடம்.

அப்பா குனிந்து பார்த்தார். “ம்” என்றார். உள்ளே போய்விட்டார்.

டயரை மாற்றிவிட்டார்களா? இல்லை, வாசல் கேட்டுக்குப் பெயின்ட் அடித்தபோது டயரில் தெறித்த வெள்ளைப் பொட்டு அப்படியே இருக்கிறது. கேரியரும் அதே துரு பிடித்த கேரியர்தான்.

உட்கார்ந்து கட்டைவிரலால் டயரை அழுத்தினேன்.

விரல் உள்ளே போயிற்று. காற்றே இல்லை. டயரின் வயிறு அமுங்கிக் கொடுத்ததால்தான் கூட்டுக்குள் நுழைந்திருக்கிறது.

“காத்தை எறக்குனியா?” என்றேன் ரகசியமாக.

“எனக்கு சைக்கிளுக்கே காத்தடிக்கத் தெரியாது. தொட்டப்பவே மெத்துனுதான் இருந்துச்சு. டயர்னா அப்படித்தான் போலன்னு நெனச்சேன்.”

தானாக இறங்கியிருக்காது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஐந்து டயருக்கும் காற்று அளந்து பார்க்கிறவர் அப்பா. இன்று காலைகூட ஷெட்டில்தான் இருந்தார்.

வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்தேன்.

“என்னை ஏன்டி பாக்குற? அந்தக் காரைத் தொட்டா உங்கப்பா என்னை வீட்டை விட்டே அனுப்பிடுவாரு.”

அம்மாவுக்கும் ஒன்றும் புரியவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

அப்போது உள்ளேயிருந்து அப்பாவின் குரல் வந்தது. “மாப்பிள்ளை கையெல்லாம் கிரீஸா இருக்கும். சோப்பு எடுத்துக் குடும்மா.”

தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று இவன் திரும்பிப் பார்த்தான்.

ஸ்பானரைத் திரும்ப வைக்க டிக்கியைத் திறந்தேன். ஜாக்கிக்குப் பக்கத்தில் ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. காற்றில்லாத ஸ்டெப்னியோடு வண்டியை வெளியே அனுப்புகிறவர் இல்லை அப்பா.

பெட்டியின் மேல் டயருக்குக் காற்றடிக்கும் கால் பம்பின் படம். சுற்றிலும் பச்சைக் கயிறு, இன்னும் அவிழ்க்காமல்.

இதை வாங்கி வந்த அன்று, அப்பா இவன் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை.