பேர் சொல்லாத பெட்டி

"வெட்கமா இல்ல உங்களுக்கு? யாரோ வலியில துடிக்கறாங்க. நீங்க அதைக் கேட்டுக்கிட்டே கேரமல் ரோல் தின்னுட்டிருக்கீங்க" என்றாள் லவோன், காபியை ஊற்றியபடி.

"ஆறிடும்ல" என்றேன்.

அவள் காபிக்கடை மேசையில், சர்க்கரை டப்பா பக்கத்தில் என் ஸ்கேனர், ரேடியோ பேச்சை ஒட்டுக் கேட்கும் சின்னப் பெட்டி, கரகரத்துக்கொண்டிருந்தது. நோயாளிகளைத் தூக்கிப்போகும் ஹெலிகாப்டர் பேசுவதெல்லாம் அதில் கேட்கும். பேர் மட்டும் சொல்லமாட்டார்கள். வயது சொல்வார்கள், எங்கே வலி என்று சொல்வார்கள், எடை சொல்வார்கள். எடை தெரியாமல் ஆளை ஏற்றமாட்டார்கள்.

எங்கள் ஊரில் மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். எனக்கு எடை போதும், ஆளைச் சொல்லிவிடுவேன். ஒருமுறை அவர்கள் ஏற்றியது ஆளே இல்லை, கன்றுக்குட்டி என்றுகூடக் கண்டுபிடித்தேன். யாரும் நம்பவில்லை.

அந்தத் திறமைதான் பக்கத்து வீட்டு நண்பன் வெர்லினை என்னிடமிருந்து பிரித்தது. இரண்டு வருஷத்துக்கு முன் அவன் மனைவி மார்விஸ் சர்ச்சில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள். பெட்டி 'இருநூற்று நாற்பது பவுண்டு' என்றது. "அட, நம்ம மார்விஸ்" என்று இதே மேசையில் உரக்கச் சொன்னேன். ஹெலிகாப்டர் இறங்குவதற்குள் அவள் எடை ஊரெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது.

மார்விஸ் இரண்டே வாரத்தில் மன்னித்தாள். வெர்லின் மன்னிக்கவில்லை. "அடுத்தவன் வலியை ஒட்டுக் கேக்கறவன் மூஞ்சில முழிக்கமாட்டேன்" என்றான். சொன்னபடியே இருந்தான். போன மார்ச்சில் என் நெஞ்சு மக்கர் பண்ணி, அதே ஹெலிகாப்டர் என்னையே தூக்கிப்போனபோதும் எட்டிப் பார்க்கவில்லை.

பெட்டி பேசியது. "ஆண். எழுபதுக்கு மேல இருக்கும். நெஞ்சுவலி. எடை ஏறக்குறைய நூற்றுத்தொண்ணூறு. ஒன்பதாம் நம்பர் ரோடு. அறுத்த சோளக்காட்டுல இறங்குங்க."

எதிரே இருந்த மைலோ முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

ஒன்பதாம் நம்பர் ரோட்டில் இரண்டே வீடு. ஒன்று என்னுடையது. நான் இங்கே இருக்கிறேன்.

"பள்ளிக்கூடத்துல மல்யுத்தம் பண்ணப்போ நீயும் வெர்லினும் ஒரே எடைதானே, டெல்பர்ட்?" என்றான் மைலோ.

"இப்பவும் அதேதான். அதுக்கென்ன? அவன் எனக்கு யாரு?"

ரோலில் ஒரு துண்டு வெட்டினேன். அது வாய்வரை வந்து திரும்பிப் போனது. லவோன் கடைப் போனை என் முன்னால் நகர்த்தினாள்.

வெர்லின் வீட்டில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. பதினான்கு வரை எண்ணினேன்.

"அவன்தான் உன்கூடப் பேசமாட்டானே" என்றான் மைலோ.

"பேச வேண்டாம். எடுத்துட்டு டக்குனு வச்சாலே போதும்."

யாரும் எடுக்கவில்லை. மார்விஸும் அந்த வாரம் ஊரில் இல்லை. நான் எழுந்தேன். "அடுப்பை அணைக்காம வந்துட்டேன்."

"உங்க வீட்டு அடுப்பு நாலு வருஷமா எரியறதில்லையே" என்றாள் லவோன். நான் அதற்குள் வண்டியில் இருந்தேன்.

ஐம்பது மைல் வேகத்தைத் தாண்டாத என் பழைய பிக்கப் அன்று ஓடிய ஓட்டத்தில், பக்கத்தில் ஓடிவந்த அதன் நிழலுக்கு மூச்சு வாங்கியது. இருந்தும் பிந்திவிட்டேன். தூரத்தில் சோளக்காட்டுக்கு மேலே ஹெலிகாப்டர் எழும்பித் திரும்பியது.

வெர்லின் வீட்டுக் கதவு ஆவென்று திறந்து கிடந்தது. மேசையில் காபி இன்னும் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. நாற்காலி கவிழ்ந்திருந்தது. வாசற்படியில் ஒற்றைச் செருப்பு.

"வெர்லின்" என்று கூப்பிட்டேன். ஃபிரிட்ஜ் மட்டும் முனகியது.

ஆஸ்பத்திரிக்கு இரண்டு மணி நேர ஓட்டம். என் நெஞ்சு மாத்திரையை எடுத்துக்கொண்டு கிளம்பலாம் என்று அரை மைல் தள்ளியிருந்த என் வீட்டுக்கு விரைந்தேன்.

வாசலில் வெர்லினின் வண்டி நின்றது.

என் சமையலறை ஜன்னல் கண்ணாடி நொறுங்கிக் கிடந்தது. அதிலிருந்து இரண்டு கால்கள் வெளியே தொங்கிக்கொண்டிருந்தன. ஒரு காலில்தான் செருப்பு.

"வெர்லின்?"

கால்கள் அசைவதை நிறுத்தின. பிறகு மெல்ல மெல்ல ஆள் முழுசாக வெளியே வந்தான். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"நீ ஹெலிகாப்டர்ல இருக்கணுமே" என்றான்.

"நீயும்தான்."

இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. அவன்தான் முதலில் சுதாரித்தான். "உன் ஏணியைக் குடுத்துட்டுப் போக வந்தேன்."

"ஏணி எங்க?"

"மறந்துட்டேன்."

"ஜன்னல்?"

"காத்து."

அப்போது அவன் கோட்டுப் பாக்கெட் கரகரத்தது. கையால் அமுக்கினான். கைக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "நோயாளி தெளிவாப் பேசறார். வேட்டைக்கு வந்த வெளியூர்க்காரராம். நாய் ரோட்டோரம் வண்டியில இருக்காம். யாராவது பாத்துக்கச் சொல்றார்."

நாங்கள் இருவரும் அந்தப் பாக்கெட்டையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"என்னடா அது?"

"வானிலை கேக்க வாங்கினேன்."

"எப்போ?"

"மார்ச்ல" என்றான், வேறு பக்கம் பார்த்து. "நாய் குளிர்ல கிடக்கும். ஏறு."

ஏறினேன். கியரைப் போட வசதியில்லாமல் ஸ்கேனரை என்னிடம் நீட்டினான். "பிடி. எதையும் திருகாதே."

திருகவில்லை. திருப்பித்தான் பார்த்தேன். பின்பக்கம் ஒரு டேப் ஒட்டி, பென்சிலால் எழுதியிருந்தான்: டெல்பர்ட், நெஞ்சு, 190, வயது 70.

எழுபதை அடித்துவிட்டு எழுபத்தொன்று என்று திருத்தியிருந்தான். என் பிறந்தநாள் போன வியாழக்கிழமைதான் வந்துபோனது.