திறந்திருக்கும் இரண்டு டப்பாக்கள்

ஏப்ரல் வெயில் கொட்டகைச் சன்னலில் தூசியோடு மிதக்கிறது. மான் வேட்டைக்காக டேன் இருபது பித்தளைத் தோட்டாக்கூடுகளில் வெடிமருந்தை நிறுத்துக் கொட்டியிருக்கிறான். மேசையில் ஒரு மருந்து டப்பாதான் திறந்திருக்க வேண்டும், இரண்டு திறந்திருக்கின்றன. மலையில் கலைமான் கத்தியதும், இறந்துபோன மனைவி அனாவின் நினைவில் கை எதை எடுத்ததோ, தெரியவில்லை. இரண்டும் ஒரே சாம்பல் நிறம். ஒன்று வேகமாக எரியும் கைத்துப்பாக்கி மருந்து; அதைப் போட்டுச் சுட்டால் துப்பாக்கி முகத்திலேயே வெடிக்கும். "சுட்டுப் பாத்தா தெரிஞ்சிடும்" என்கிறான், தூக்கத்தில் பேசுவதுபோல. அனாவின் தம்பி ரங்கி தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்கிறான். "அக்காவோட சவப்பெட்டியத் தூக்கின தோளே இன்னும் வலிக்குது மச்சான். நீ வேற தடியன். எல்லாத்தையும் புல்லுல கொட்டு, உரமாவது ஆவும்." டேன் வெளியே வந்து முதல் கூட்டைக் கவிழ்க்கிறான். சாம்பல் மணிகள் வெயிலில் மெல்ல இறங்குகின்றன. ரங்கி அடுத்ததை எடுத்து நீட்டுகிறான்.