சேவலைத் திருடியவள்

கைநிறைய அள்ளி வந்த இறகுகளைச் சந்தனமேரியின் வாசலில் வீசி எறிந்தாள் சிசிலி.

"ஏட்டி திருடி, வெளிய வா! என் சேவல அறுத்து அடுப்புல ஏத்திட்டு, ஒண்ணுந் தெரியாதவ மாதிரி உள்ள இருக்கியா?"

தேயிலைத் தோட்டத்து லயத்தில் வரிசையாக ஒட்டியிருந்த வீடுகளின் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டன. ஈஸ்டருக்கென்று பார்த்துப் பார்த்து வளர்த்த சேவல். காலையில் கூட்டைத் திறந்துவிட்டதோடு சரி, ஆளைக் காணோம். பக்கத்து வீட்டுக் குப்பைக்குழியிலோ இறகுகள். அடுப்பிலிருந்து பூண்டும் மிளகும் கொதிக்கும் வாசனை. சிசிலிக்கு வேறு சாட்சி எதற்கு?

சந்தனமேரி கரண்டியும் கையுமாக வந்து நின்றாள். "யார் சேவல யாரு அறுத்தா?"

"ஒன் மவன் என் மவளக் கூட்டிட்டு ஓடுனான். நீ என் சேவலத் தூக்கிட்ட. திருட்டுக் குடும்பம்!"

போன வருஷம் ஜிஜோவும் ஜெஸ்னாவும் சொல்லாமல் கொள்ளாமல் கல்யாணம் செய்துகொண்டு அடிமாலிக்குக் குடிபோனார்கள். அன்றிலிருந்து ஒட்டுச்சுவர் கொண்ட இந்த இரண்டு வீடுகளுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

சந்தனமேரி குனிந்து ஓர் இறகை எடுத்துச் சிசிலியின் மூக்குக்கு நேரே நீட்டினாள். "கண்ணத் தொறந்து பாரு. சேவல் கழுத்து எறகுன்னா நுனி ஊசியா, மினுமினுன்னு இருக்கும். இது உருண்டுல்ல இருக்கு? எங்க வெடக்கோழி இது!"

அவள் சொல்லி வாய் மூடவில்லை, தேயிலைச் செடிகளுக்குள்ளிருந்து சேவல் கூவியது. சிசிலியின் சேவலேதான். யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

சிசிலிக்கு முகம் எரிந்தது. தோற்றுத் திரும்ப மனம் வரவில்லை.

"அப்ப இன்னும் கேவலம்! கறி திங்கணும்னா சேவல அறுப்பாங்க. இன்னைக்கோ நாளைக்கோ முட்டை வைக்கப்போற பொட்டக்கோழிய எவளாவது அறுப்பாளா? அதுவும் தவக்காலத்துல! நாக்கக் கட்ட முடியாதவளுக்குக் கோயில்ல முன்வரிசை வேற. இரு, ஃபாதர்கிட்டச் சொல்றேன்!"

"தாராளமாச் சொல்லு. எங்க வீட்ல ஒருத்தரும் இதத் தொடல." சந்தனமேரி விறுவிறுவென்று உள்ளே போய்ச் சாற்றைப் பிளாஸ்கில் ஊற்றி இறுக்கி மூடிக்கொண்டு வந்தாள். கீழே ரோட்டில் ஜீப் ஹாரன் அடித்தது.

சிசிலி வழியை மறித்தாள். "நீ திங்கலன்னா எவளுக்கு இந்த விருந்து? சொல்லிட்டுப் போ!"

"ஆஸ்பத்திரிக்குட்டி! தள்ளு, பச்ச ஒடம்புக்காரி பசியோட கெடப்பா."

"எவ அவ, எனக்குத் தெரியாத பச்ச ஒடம்புக்காரி?"

சந்தனமேரி அவளை இடித்துக்கொண்டு படி இறங்கினாள். திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:

"நீ பெத்தியே ஒருத்தி, அவதான்."