சகனில் ஒரு கோடு

“அந்தக் கறித்துண்டைத் தொடாதே ராஜிக். அதுதான் கிரீக் பக்கத்து பால்கனி.”

ராஜிக்கின் விரல்கள் பாதி வழியில் நின்றன.

வெள்ளிக்கிழமை மதியம். துபாயில், கிரீக் என்னும் கடற்கழியை ஒட்டிய ஓர் ஐந்தாவது மாடி வீட்டில், சாகிரும் ராஜிக்கும் ஒரே சகனின் முன்னால் எதிரெதிரே சம்மணமிட்டிருந்தார்கள். அக்காவைக் கட்டியவர் சாகிர். தங்கையைக் கட்டியவன் ராஜிக்; சாகிரை அண்ணன் முறையில் ‘காக்கா’ என்பான். அடுத்தடுத்த வீடு. ஊரில் பழகியபடியே இங்கும் வெள்ளிக்கிழமை என்றால் சகன் என்ற ஒரு பெரிய தட்டில் பிரியாணியைக் கொட்டிச் சேர்ந்துதான் சாப்பாடு. பெண்கள் இருவருக்கும் உள்ளறையில் இன்னொரு சகன்.

சாகிருக்கு அல் குசைஸில் பூட்டுக் கடை. வாங்க வருகிறவரிடம் பூட்டைக் கழற்றி, உள்ளே ஸ்பிரிங் எப்படித் துள்ளுகிறது என்று காட்டாமல் விற்க மாட்டார். இன்று கழற்றிக் காட்ட அவருக்கு ஒரு குத்தகை கிடைத்திருந்தது.

“நல்லாக் கவனி. ரெண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே குத்தகை. ஆளுக்குப் பாதின்னு இருக்கே தவிர, எந்தப் பாதி யாருக்குன்னு எங்கேயும் இல்லை. இந்தச் சகன் மாதிரி. சோறு நம்ம சோறு. எந்தப் பருக்கை யாருதுன்னு சொல்ல முடியுமா?”

“உங்க பக்கம் கறி ஜாஸ்தி. அது மட்டும் தெரியுது, காக்கா.”

“கேளுப்பா. சோறுதான் நமக்கு, தட்டு வாடகைத் தட்டு. தொண்ணூற்றொன்பது வருஷம் முடிஞ்சா தட்டைத் திருப்பிக் கொடுத்துடணும்.”

“அவ்வளவு நாள் சாப்பிட்டா பிரியாணி ஆறிடுமே.”

சாகிர் அதைப் பொருட்படுத்தவில்லை. “இப்ப நிலத்துக்காரர் சம்மதிச்சுட்டார். கட்டணம் கட்டியாச்சு. இனிமே தட்டும் நமக்கே. ஆனா ஒரே தட்டாக் கொடுக்க மாட்டாங்க. வீட்டுக்கு ஒரு தட்டு, தட்டுக்கு ஒரு பத்திரம்.” ஆட்காட்டி விரலால் பிரியாணியின் நடுவே நேராக ஒரு கோடு கிழித்தார். “இந்தப் பக்கம் கிரீக். அந்தப் பக்கம் ரோடு. இப்பக் குடியிருக்கிறபடியே பிரிச்சுக்கலாம். புரிஞ்சுதா?”

“ரொம்ப நல்லாப் புரிஞ்சுது. அதனாலதான் கேக்கறேன். எந்தப் பருக்கை யாருதுன்னு சொல்ல முடியாதுன்னா, கிரீக் பக்கம் உங்களுதுன்னு யார் சொன்னது?”

ராஜிக் கோட்டைத் தாண்டிக் கறித்துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

தான் விற்ற பூட்டுக்குள் தானே அகப்பட்டதுபோல் சாகிர் விழித்தார். தினமும் அதிகாலை சுபுஹு தொழுதுவிட்டு அந்த பால்கனியில் உட்கார்ந்து, படகுகள் போவதைப் பார்த்த பிறகுதான் அவருக்குப் பொழுதே விடியும்.

“வருஷக்கணக்கா அங்கே குடியிருக்கேன் ராஜிக்.”

“நானும் வருஷக்கணக்கா ரோட்டுப் பக்கம் குடியிருக்கேன். எங்க பால்கனியில உட்கார்ந்தா என்ன தெரியுது? சிக்னல். சிவப்பு, பச்சை. வேணும்னா நீங்க அங்கே வந்து, அது எப்படி வேலை செய்யுதுன்னு போற வர்ற ஆளுக்கெல்லாம் விளக்கலாம்.”

“ஞாயித்துக்கிழமை கடைசி நாள். அதுக்குள்ள எது யாருக்குன்னு ஒத்துப்போகலைன்னா விண்ணப்பமே திரும்பிடும்.”

“திரும்பட்டும். கிரீக் பக்கம் இல்லைன்னா நான் சரின்னு சொல்ல மாட்டேன்.”

“நானும் விட மாட்டேன்.”

இருவரும் சகனிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்கள். எத்தனையோ வெள்ளிக்கிழமைகளில் இதுவரை மிஞ்சாத சோறு, இன்று கோட்டுக்கு இரண்டு பக்கமும் மிஞ்சிக் கிடந்தது.

“அப்ப அடுத்த வெள்ளி உன் வீட்டுல நீ, என் வீட்டுல நான்,” என்றார் சாகிர்.

“நீங்கதானே சொன்னீங்க, தனித்தனித் தட்டுன்னு.”

ஹபீபுன்னிசா வட்டிலாப்பத்தோடு உள்ளேயிருந்து வந்தாள். பின்னால் அவள் தங்கை நஸீஹா, இரண்டு கரண்டிகளோடு.

“நீயே நியாயம் சொல்லு ஹபீபு,” என்று சாகிர் திரும்பி உட்கார்ந்தார். “குத்தகைன்னா என்னன்னா…”

“உள்ளே கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். சகன், தட்டு, பருக்கை. அந்த ஆபீஸ்ல கூட எங்களுக்கு இவ்வளவு தெளிவாச் சொல்லலை.”

“எந்த ஆபீஸ்ல?”

“வியாழக்கிழமை நானும் ராத்தாவும் போனோமே, அங்கேதான் மச்சான்,” என்றாள் நஸீஹா. “பத்திரம் ரெண்டும் முடிஞ்சுது. கிரீக் பக்கம் எனக்கு.”

ராஜிக் முகத்தில் கிரீக் காற்று வீசியது. சாகிர் மனைவியைப் பார்த்தார்.

“ரோட்டுப் பக்கம்தான் மத்தியான வெயில் நல்லா அடிக்கும். எனக்கு வடகம் காய வைக்கணும். இவளுக்குத் தண்ணியைப் பார்த்துக்கிட்டு இருக்கணும். ஒரு டீ குடிக்கிற நேரத்துல பேசி முடிச்சுட்டோம்.”

“நாங்க சரின்னு சொல்லாம எப்படி முடிஞ்சுது?” என்று இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள். அன்று அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான்.

“நீங்க சிரிக்காதீங்க, உங்களுக்கும் சேர்த்துத்தான் ராத்தா சொல்லப் போறாங்க,” என்று நஸீஹா தன் கணவன் கையில் ஒரு கரண்டியைத் திணித்தாள்.

ஹபீபுன்னிசா வட்டிலாப்பத்தைச் சகனின் நடுவில், கோட்டின் மேலேயே வைத்தாள்.

“வீடு பொம்பளைப் பிள்ளைக்குங்கிற நம்ம ஊர் வழக்கப்படி, எங்க வாப்பா எங்க ரெண்டு பேர் பேருலயும் வாங்கிக் கொடுத்த கல்யாண வீடுங்க இது, மறந்துட்டீங்களா? நிக்காஹ் அன்னைக்கு நீங்க ஒரே ஒரு பெட்டியோட வந்தீங்க. நாளைக்கு அந்தப் பெட்டியைத் தூக்கிக்கிட்டு ரோட்டுப் பக்கம் வந்துடுங்க, சிக்னல் எப்படி வேலை செய்யுதுன்னு எனக்கு விளக்கலாம்.”