கெட்டி அட்டை

மூட்டை தூக்குகிறவன் ஆலை வாசலில் அடையாள அட்டையை நீட்டினான். காவலாளி வாங்கிப் பார்த்தார். முகம் இருக்க வேண்டிய இடத்தில் நீலச் சாயத்தில் ஒரு மீன் நீந்திக்கொண்டிருந்தது. சுற்றிலும் ரப்பர் முத்திரையில் குத்திய பூக்கள்.

“என்னப்பா இது?”

அவன் தலையைச் சொறிந்தான். “பொண்டாட்டி வேலைண்ணே. குட்டி அட்டையில படம் பண்ணி, அவளை மாதிரி கிறுக்குங்ககிட்ட குடுத்து வேற படம் வாங்குவா. இது கெட்டியா இருந்துச்சாம். இன்னைக்கும் லேட்டுன்னா வேலை போயிடும்ணே.”

காவலாளியின் மீசை துடித்தது. “அங்க பாரு.”

வெளியே மேனேஜர் வியர்த்து வழிந்து நின்றார்.

“நேத்து அட்டையைத் தொலைச்சிட்டாராம். அரை மணியா நிக்கிறாரு. அவரையே விடலை, உன்னை விட்டுருவேனா?”

சொன்னவர் மீனை மறுபடியும் பார்த்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“மாத்திக்கலாமா?”

சட்டைப் பையிலிருந்து அவர் எடுத்துக் கொடுத்த அட்டையில் ஒற்றைக்கால் கொக்கு ஒன்று, சாயம் காயாமல் நின்றது.

“வீட்டுல குடு. உள்ள ஓடு.”

கிடங்குக்குப் போனதும் அவன் அட்டையைத் திருப்பினான். பின்பக்கத்துப் போட்டோவில் மேனேஜர் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.