ஆளுக்கொரு குழி

தறிக்குக் கீழே குழி இருந்தால்தான் நெசவாளி காலை இறக்கி மிதிக்க முடியும். டெல்லியில் கைத்தறி மையத்துக்கு வரைபடம் போட்ட ஆபீசில் இது தெரிந்த ஒரே ஆள் தணிகாசலம்தான். பன்னிரண்டு குழிகளை வரிசையாக வரைந்து, கான்ட்ராக்டர் பத்ராவிடம் கொடுத்தார்.

“இத்தனை குழியா?” என்று இந்தியில் கேட்டார் பத்ரா.

“ஆமாம்ஜி, ஆளுக்கு ஒண்ணு.”

“எவ்வளவு நேரம் உட்காருவாங்க?”

“காலையில உட்கார்ந்தா சாயங்காலம்தான் எழுந்திருப்பாங்க.”

பத்ராவின் முகத்தில் இரக்கம் தெரிந்தது. “நடுவுல தடுப்பு வேண்டாமா?”

“எதுக்கு? பேசிக்கிட்டே வேலை பார்ப்பாங்க.”

“அச்சா” என்றார் பத்ரா. மதராசிகளைப் பற்றி அதற்கு மேல் அவர் கேட்கவில்லை.

சைட்டுக்குப் போக ஜீப் கிடைக்காத தணிகாசலம், திறப்பு விழாவன்றுதான் அங்கே போனார். மந்திரி வர அரை மணி இருந்தது. காஞ்சிபுரத்திலிருந்து ரயிலில் வந்திருந்த நெசவாளர் ஏகாம்பரம் முதல் ஆளாக உள்ளே போய், பத்து நிமிஷம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார்.

“நல்ல வசதி தம்பி. சங்கிலியை இழுத்தா தண்ணி கொட்டுது. ஆமா, தறிக்கூடம் எந்தப் பக்கம்?”